ஒரு மூடித் தண்ணீர்

கண்ணாடி அறையிலிருந்து அலறல் கேட்டபோது அக்கா முதல் மாடிப் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாம்போ தேளோ என்று நினைத்து, கையில் இருந்த துடைப்பத்தோடு இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள். அங்கே, தக்காளிச் செடிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிற மாணவி, அக்காவின் கணக்கில் தக்காளிப் பொண்ணு, தொட்டிகளுக்கு நடுவில் நின்று குதித்துக்கொண்டிருந்தது.

"அக்கா! இருபத்து மூணு நாள்! ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம இருபத்து மூணு நாள்! மத்த பதினொண்ணும் செத்துப்போச்சு. இந்த ஏழாம் நம்பர் மட்டும் எப்படி நிக்குதுன்னு பாருங்களேன்!"

அக்கா பார்த்தாள். அவள் பார்த்துத் தெரிந்துகொள்ள அதில் ஒன்றும் இல்லை. அன்று காலை ஏழு பத்துக்கு அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியதே அவள்தான். நேற்றும் ஊற்றினாள். முந்தாநாளும்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு ஆராய்ச்சிக் கட்டடம். நான்கு தளம், நான்கு துறை. துறைகளின் பெயர்ப்பலகை ஒவ்வொன்றும் வாசலைவிட நீளம் என்பதால் அக்கா தன் வசதிக்குச் சுருக்கி வைத்திருந்தாள். தரைத்தளத்தில் செடி. முதல் மாடியில் மனசு. அதற்கு மேல் சத்தம். கடைசி மாடியில் யோசனை. யோசனைக்காரர்கள்தான் குப்பைக்கூடையில் அதிகம் போடுவார்கள். சத்தத்துறையில்தான் பேச்சே இருக்காது. பதினோரு வருடமாக நான்கு தளத்தையும் கூட்டித் துடைக்கிறவள் அக்கா. அவளைவிட வயதில் மூத்த பேராசிரியர்கள்கூட அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

தக்காளிப் பொண்ணு மூன்று வருடமாக ஒரே காரியத்தில் இருந்தது. தண்ணீர் குறைந்தாலும் தாங்குகிற தக்காளி வேண்டும். முதல் வருடம் செடியெல்லாம் பூச்சியில் போயிற்று. இரண்டாம் வருடம் எல்லாச் செடியும் ஒரே நாளில், சொல்லிவைத்தாற்போல் செத்தன. இந்த முறையும் ஒன்றும் தேறாவிட்டால் பட்டமும் கிடையாது, இடமும் கிடையாது, பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று அதுவே ஒருநாள் அக்காவிடம் சொல்லி, மூக்கைச் சிந்தி, அக்கா அப்போதுதான் துடைத்த தரையில் உட்கார்ந்து அழுதது. அக்காவுக்கு அந்தப் பெண் மேல் தனிப் பிரியம். கட்டடத்தில் கால் மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே வருகிற ஒரே ஆராய்ச்சியாளர் அதுதான்.

அப்படியிருந்தும் ஏன் ஊற்றினாள்? வரிசையின் தலைப்பில் சிவப்பு எழுத்தில் "தண்ணீர் ஊற்றக் கூடாது" என்று கொட்டையாக எழுதியிருந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் ஏழாம் நம்பர் வாசலை ஒட்டி இருந்தது. நான்காம் நாள் காலை அவள் உள்ளே நுழைந்தபோது அது தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கையில் எவர்சில்வர் பாட்டில். மூடியில் ஊற்றி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோன தண்ணீரை அவளால் குடிக்க முடியவில்லை. 'பன்னிரண்டு செடி இருக்கு. செத்துப்போறதை எண்ணத்தானே போறாங்க? பதினொண்ணு போதாதா?' என்று அவள் ஒரு கணக்குப் போட்டாள். ஆராய்ச்சி என்றால் என்னவென்று பதினோரு வருடம் பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் போட்ட கணக்கு அது. மூடியை ஏழாம் நம்பரின் காலடியில் சாய்த்தாள். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. மண் ஈரம் காட்டும் கருவி பழுதாகி மூன்று மாதம்; புதியது கேட்டு எழுதிய மனு நாலாவது மேசையில் நல்ல உறக்கத்தில் இருந்தது. ஆகவே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

விஷயம் தரைத்தளத்தோடு நின்றிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள். செவ்வாய்க்கிழமை சத்தத்துறை சார் தலைகால் புரியாமல் கீழே ஓடிவந்தார். தாகமெடுத்தால் செடிகள் டிக் டிக்கென்று சத்தம் போடுமாம், மனிதக் காதுக்கு எட்டாதாம். அதைப் பிடிக்க அவர் ஒவ்வொரு தொட்டிக்குப் பக்கத்திலும் ஒரு கருவி வைத்திருந்தார். மனிதர் பேசுவதோ பாடுவதோ அதில் பதியாது என்று தெரிந்தபோதுதான் அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏனென்றால் தண்ணீர் ஊற்றும்போது "குடிடா கண்ணு, யார்கிட்டயும் மூச்சு விடாத" என்று அவள் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மத்த செடியெல்லாம் சாகற வரைக்கும் நாள் பூரா கத்துச்சு," என்றார் சார். "ஏழாம் நம்பர் மட்டும் காலையில ஏழு பத்துக்குச் சட்டுனு வாயை மூடிக்குது. இருபது நாளா! ஒரு நிமிஷம் முன்னப் பின்ன இல்ல. அதுக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு!"

யோசனைத்துறை சாரும் சும்மா இருக்கவில்லை. செடிக்கு மன உறுதி உண்டா என்று நாற்பது பக்கத்தில் எழுதத் தொடங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழாம் நம்பர் நாள் முழுக்கச் சத்தம் போட்டது அவருக்குப் பெரிய ஆதாரம். வார விடுமுறை பற்றிய உணர்வு செடிக்கும் இருக்கிறது என்று அடிக்கோடிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு லீவு.

வெள்ளிக்கிழமை ஆராய்ச்சித் திருநாள். வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். மூன்று துறையும் சேர்ந்து ஏழாம் நம்பருக்கு நடுக்கூடத்தில் தனி மேடை போடுவதாக முடிவாயிற்று. அக்கா மறுபடி ஒரு கணக்குப் போட்டாள். சொன்னால் அந்தப் பெண்ணின் மூன்று வருடம் மண்ணாய்ப் போகும். சொல்லாவிட்டால், ஒரு மூடித் தண்ணீர் மூன்று பேரைப் பெரிய ஆளாக்கிவிடும். அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றும் ஒரு யோசனை ஓடியது. அதோடு இன்னொன்றும் ஓடியது: சோதனையில் கை வைத்தவர்களுக்கு அன்றோடு வேலை இல்லை என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தது.

முதல் மாடியில் மனசுத்துறை சார் தனியாக இருந்த நேரம் பார்த்து, மேசையைத் துடைக்கிற சாக்கில் கேட்டாள். "சார், ஒருத்தர் ஒரு தப்பு பண்ணிட்டாங்கன்னு வைங்க. அதைச் சொல்லிடறது நல்லதா, முழுங்கிடறது நல்லதா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். சாரின் கண் மின்னியது. அவர் நான்கு வருடமாக ஆராய்வதே அதைத்தானாம். நாற்பத்திரண்டு கேள்வி கொண்ட தாளை எடுத்து அவள் கையில் திணித்தார். தப்பு செய்தவர் உங்களுக்கு நெருங்கியவரா, சற்று நெருங்கியவரா, மிக நெருங்கியவரா என்று முதல் கேள்வி. அக்கா 'மிக'வில் டிக் போட்டாள்.

"சொல்லிட்டவங்க நல்லாத் தூங்கறாங்க அக்கா. அது உறுதி," என்றார் சார் கடைசியில். "ஆனா சொன்னதால தூங்கறாங்களா, நல்லாத் தூங்கற ஆளுங்கதான் சொல்றாங்களான்னு இன்னும் பிடிபடல. இன்னொரு ரெண்டு வருஷம் ஆகும்."

அக்காவிடம் இரண்டு நாள்தான் இருந்தது.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். முட்டிவலி வந்ததிலிருந்து வீட்டிலேயே மிஷினைப் போட்டுக்கொண்டார். வெளி உலகம் அவருக்கு அக்கா மூலமாகத்தான் வந்தது. சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் "இன்னிக்கு என்ன கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டுவிடுவார். புதன்கிழமையும் கேட்டார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவர் ஊசியில் நூல் கோத்தபடி கேட்டார். கடிகாரம் வந்த இடத்தில் சிரிக்கத் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை வந்தபோது இருமல் வந்து, தண்ணீர் குடித்தார்.

"உன்னை மாதிரி ஒரு விஞ்ஞானி இந்த ஊர்லயே கிடையாதுடி," என்றார்.

"சிரிக்காதீங்க. என்ன செய்யட்டும், அதைச் சொல்லுங்க."

"நான் என்னத்தச் சொல்ல? சும்மா இருந்துட்டா உன் வேலைக்கு ஆபத்தில்ல." ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தார். "ஆனா அந்த விதையை யாராவது நம்பி வாங்கிட்டுப் போவாங்க இல்ல? தண்ணி வேணாம்னு சொல்லிட்டாங்களேன்னு நிலத்துல போட்டுட்டு நிப்பாங்க. அவங்க ஒவ்வொருத்தர் வாசலுக்கும் காலையில ஏழு பத்துக்கு நீ பாட்டிலோட போக முடியுமா?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அக்கா எழுந்து, காலைக்கான பாட்டிலைக் கழுவி வைத்தாள்.

வியாழக்கிழமை ஏழு பத்துக்குத் தக்காளிப் பொண்ணு கண்ணாடி அறையில் இருந்தது. மறுநாள் மேடைக்காக ஏழாம் நம்பரின் இலைகளைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தது. அக்கா பாட்டிலைத் திறந்து மூடியில் தண்ணீர் ஊற்றினாள். பாதி தரையில் சிந்தியது.

"பாப்பா, நீ இதைப் பாரு," என்றாள். மிச்சத் தண்ணீரைச் செடியின் காலடியில் ஊற்றினாள். "தினமும் இப்படித்தான். ஞாயித்துக்கிழமை தவிர."

பெண்ணின் முகத்தில் ஈ ஆடவில்லை. பஞ்சு கையிலிருந்து விழுந்தது. அக்கா அதைப் பொறுக்கப் போய், குனிந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். "உன் வாழ்க்கையில நான் மண்ணை அள்ளிப் போட்டுட்டேன் பாப்பா. அது வாசல்ல நின்னு தலையைத் தொங்கப்போட்டுச்சு. எனக்கு மனசு கேக்கல."

பெண் தொட்டி மண்ணில் விரலை வைத்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்தது. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அக்காவுக்கு. அப்புறம் அது தரையில் உட்கார்ந்தது. சிரிப்பதா அழுவதா என்று அதற்கே தெரியாத ஒரு சத்தம் வந்தது. "எனக்கே அதுக்குத் தண்ணி ஊத்தணும்னு இருந்துச்சுக்கா," என்றது. "தினமும் பல்லைக் கடிச்சிக்கிட்டு வெளிய போனேன்."

பெண் போய்ச் சொன்னதும், அன்று மதியம் அதன் வழிகாட்டிப் பேராசிரியர் அக்காவைக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று அவள் துடைப்பத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பன்னிரண்டுல ஏன் இது மட்டும்?"

"வாசல்ல இருந்துச்சு சார்."

அதை அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். தினமும் அதே மூடியா, அதே அளவா, அதே நேரமா என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார். இவ்வளவு ஒழுங்காக என் மாணவர்கள் யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை என்று முணுமுணுத்தார். அது பாராட்டா திட்டா என்று அக்காவுக்குப் புரியவில்லை. வேலை போகவில்லை. பெண்ணுக்கு ஆறு மாதம் தவணை கிடைத்தது. எல்லாம் மறுபடி முதலிலிருந்து, புதுத் தொட்டிகளோடு. அந்த ஏழாம் நம்பரும் பழைய இடத்திலேயே இருக்கட்டும், ஆனால் இனி நிஜமாகவே ஒரு சொட்டு இல்லாமல் எத்தனை நாள் நிற்கிறது என்று பார்க்கலாம் என்றார். கண்ணாடி அறைக்குப் பூட்டை மாற்றச் சொன்னார். பெண் மாற்றவில்லை.

திருநாளன்று நடுக்கூடத்தில் போட்ட மேடை காலியாக நின்றது. 'ஏழாம் நம்பர் பற்றிய முடிவு ஒத்திவைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு தாள் மட்டும் ஒட்டியிருந்தது. அங்கேதான் கூட்டம் அதிகம். சத்தத்துறை சார் அசரவே இல்லை. தண்ணீர் குடித்ததும் செடி வாயை மூடிக்கொள்கிறது என்று தன் கருவி துல்லியமாகக் காட்டிவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். யோசனைத்துறை சார் மன உறுதி என்ற இடத்திலெல்லாம் பொறுமை என்று மாற்றினார். நாற்பது பக்கமும் அப்படியே இருந்தது.

மறு வாரம், தண்ணீரை நிறுத்திய நான்காம் நாள் காலை, அக்கா தரைத்தளத்துக்கு வந்தாள். கண்ணாடிக் கதவில் புதிய தாள். "தண்ணீர் ஊற்றக் கூடாது" என்று சிவப்பில் கொட்டையாக. அதற்குக் கீழே பேனாவால் சின்னதாக: "அக்கா, நீங்களும்தான்." சாவி அவள் இடுப்பில் இருந்தது. உள்ளே, வாசல் ஓரத்தில், ஏழாம் நம்பர் தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

அவள் கதவைத் திறக்கவில்லை. செடியின் சத்தத்தை மனிதக் காதுக்கு எட்டும்படி மாற்றித் தருகிற காதுக்கருவியைக் கழுத்தில் மாட்டியபடி படியில் இறங்கி வந்த சத்தத்துறை சார், அவள் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அதைக் கழற்றி அவள் காதில் மாட்டினார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம், நகத்தைச் சுண்டுகிற மாதிரி, டிக். கொஞ்சம் விட்டு, டிக். டிக்.

"இது எந்தச் செடி சார்?" என்று கேட்டாள், தெரிந்திருந்தும்.

சார் வாசல் ஓரத்தைக் காட்டினார். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் ஏழு பத்து. பழக்கதோஷத்தில் அவள் கை பாட்டிலைத் திறந்து மூடியை நிரப்பியிருந்தது. நிரம்பிய மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் நின்றாள். டிக், டிக். அதை வாய்க்குக் கொண்டுபோனாள். ஒரு மிடறு குடித்தாள். அடுத்த மிடறு குடிக்க முடியாமல், மூடியை அப்படியே பிடித்தபடி, ஏழு பதினொன்று ஆகட்டும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.