வியாழக்கிழமை மேகம்

1961ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, ஒரு காரின் கிளட்சிலிருந்து வெளியேறிய மேகம் கொடைக்கானல் பஜாரை மூடியது. அது கலைய நான்கு நாள் ஆயிற்று. அந்த வாரம் முட்டைக்கோஸ் வரத்து சுமார், பூண்டு பரவாயில்லை.

கார் பச்சை நிறம். இரண்டே இருக்கை, துணிக்கூரை. ஐந்து வருடத்துக்கு முன் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரை, தனக்கு இருபது வருடம் மளிகை கொடுத்த கடைக்காரருக்கு அதைப் பரிசாக விட்டுச் சென்றார். கடைக்காரர் ஒரே ஒருமுறை அதில் ஏறி உட்கார்ந்தார், கால் நீட்ட வசதியாக இருக்கிறது என்றார், அடுத்த மாதம் காலமானார். கடையை மகன் அப்துல் சலாமுக்கும், காரை மகள் நஜீமாவுக்கும் எழுதி வைத்திருந்தார். நஜீமாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஏரியைச் சுற்றி மூன்று நாள் ஓட்டிப் பழகினாள். நான்காம் நாள் கிளட்ச் பெடல் தரையோடு படுத்துக்கொண்டது. கியர் கரகரவென்று கத்தியதே தவிர விழவில்லை.

கடைக்கு எதிரே பட்டறை வைத்திருந்த தஸ்தகீரை அழைத்தார்கள். யுத்தகாலத்தில் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் வேலை கற்றவன். மற்ற கார்களில் கிளட்சைக் கம்பி இழுக்கும், இதில் எண்ணெய் தள்ளும் என்று அவனுக்குத் தெரியும். பெடலுக்கு மேலே இருந்த சின்னத் தொட்டியைப் பார்த்தான், எண்ணெய் நிறைய இருந்தது. குழாயைத் தடவினான், கசிவு இல்லை. அடியில் ரப்பரைக் கழற்றிப் பார்த்தான், புதிதாக இருந்தது. அப்படியானால் எண்ணெயோடு காற்று கலந்திருக்கிறது, ஏர் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து பெடலை அமுக்க, மற்றவர் அடியில் படுத்து, குழாய் முனையிலிருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். ஆள் தேடப் போனவனை நஜீமா நிறுத்தினாள். "கார் என்னோடது. நாந்தான் அமுக்குவேன்."

"அமுக்குங்க" என்றான் தஸ்தகீர். நிப்பிளைத் திறந்தான். எண்ணெய் பிடிக்க வைத்த குப்பியில் குமிழி வர வேண்டிய இடத்தில் மேகம் வந்தது. குளிர்ந்த, யூகலிப்டஸ் வாசமடிக்கும், அசல் மலை மேகம். கார் நின்ற கொட்டகையை நிறைத்துவிட்டு பஜாருக்குப் போயிற்று. தஸ்தகீர் யோசித்துப் பார்த்தான். இந்த எண்ணெய்க்கு ஈரத்தைக் குடிக்கிற குணம் உண்டு. சமவெளியில் அது வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். ஜாடியில் போட்ட உப்பே தண்ணீராகிவிடும் கொடைக்கானலில், தொட்டி மூடி கொஞ்சம் தளர்ந்தாலும் மேகத்தையே குடித்துவிடும். புது எண்ணெய் ஊற்றி மூடியை இறுக்கிவிட்டுப் போனான். பெடல் கல் போல நின்றது.

அடுத்த புதன்கிழமை மறுபடி படுத்தது. மூடி அரைச் சுற்று தளர்ந்திருந்தது. வியாழக்கிழமை வந்து மறுபடி ஏர் எடுத்தான். இப்படி ஐந்து வருடம். இருவரும் அத்தனை வியாழக்கிழமைகளிலும் பேசிக்கொண்டது, "அமுக்குங்க", "அமுக்கிட்டேன்", "விடுங்க", "விட்டுட்டேன்", அவ்வளவுதான். சில வாரம் மூடியில் மருதாணிச் சிவப்பில் விரல் தடம் இருக்கும். தஸ்தகீர் அதைக் கழிவுத் துணியால் துடைத்துவிட்டு, முன்னைவிட இறுக்கமாக மூடுவான். அரைகுறையாக வேலை செய்ய அவனுக்குக் கை வராது. இரண்டு மாப்பிள்ளைகளை நஜீமா வேண்டாமென்று சொல்லிவிட்டாள். பஜாரும் வியாழக்கிழமை மேகத்துக்குப் பழகிவிட்டது. அன்று ஜனங்கள் ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டு பேசினார்கள். பஸ் டிரைவர் வேலுச்சாமி மட்டும் பட்டறையைக் கடக்கும்போதெல்லாம் ஹார்ன் அடித்துக் கேட்பார். "என்னங்க தஸ்தகீர், அஞ்சு வருசமா ஒரே கிளட்சுல காத்து எடுக்கிறீங்க. பொண்டாட்டிகூட இம்புட்டுப் பொறுமையப் பாத்திருக்க மாட்டாளே?"

"எனக்கு ஏதுங்க பொண்டாட்டி" என்பான் தஸ்தகீர்.

"அதாங்க நானும் சொல்றேன்."

அப்துல் சலாமுக்கு இந்தப் பேச்சு காதில் விழுந்த அன்றே காரை விற்பதென்று முடிவாயிற்று. கோயம்புத்தூரிலிருந்து சேனாதிபதி என்பவர் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார், கார் போனதும் தங்கையை உத்தமபாளையத்து ஜவுளிக்கடையில் கட்டிக்கொடுத்துவிடுவது என்று திட்டம். பட்டறை இருந்த இடம் அப்துல் சலாமுடையது. "வெள்ளிக்கிழமை கிளட்ச் புடிக்கணும். இல்லன்னா சாவியக் குடுத்துட்டுக் கீழ எறங்கிரு" என்று தஸ்தகீரிடம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை தஸ்தகீர் நஜீமாவிடம் முதல்முறையாக வேறு வார்த்தை பேசினான். "வேலையக் கெடுக்க எனக்குத் தெரியாதுங்க. சரி பண்ணிட்டா கார் போயிரும். நீங்களும்..."

"ஒங்கள யாரு கெடுக்கச் சொன்னா? நீங்க ஒங்க சோலியப் பாருங்க. நான் என் சோலியப் பாக்கறேன்" என்றாள் நஜீமா.

இந்தத் தடவை தொட்டி மூடியைத் தளர்த்தவில்லை, கழற்றியே வைத்துவிட்டாள். மூன்று நாள் மலையின் மேகம் முழுக்க அந்தக் கொட்டகைக்குள் போயிற்று. ஐப்பசியில் கொடைக்கானல் வெயிலில் காய்ந்தது. பெண்கள் கம்பளிகளை உலர்த்தினார்கள். வைகை அணை வரை துல்லியமாகத் தெரிந்தது, பலர் அதைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். செண்பகனூரில் ஒரு பாதிரியார் வானிலைக் கருவியை இரண்டு தடவை தட்டினார்.

வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டையில் வந்த சேனாதிபதி விவரமானவர். "என் கண்ணு முன்னால ஏர் எடுத்துக் காட்டுங்க" என்றார். நஜீமா இருக்கையில் அமர்ந்தாள். தஸ்தகீர் அடியில் போய் நிப்பிளைத் திறந்தான். மூன்று நாள் மேகமும் ஒன்றாக வெளியே வந்தது. முதலில் கொட்டகை மறைந்தது, பிறகு பஜார், பிறகு ஏரி. அப்துல் சலாம் சேனாதிபதியின் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் காரின் பெருமையை எடுத்துச் சொன்னார். அது பொதிசுமக்க வந்த கோவேறு கழுதையின் காது. அது பொறுமையாகக் கேட்டது.

வெண்மைக்குள் இரண்டு குரல்கள் மட்டும் கேட்டன. "அமுக்குங்க." "அமுக்கிட்டேன்." முதலில் கொட்டகையில், அப்புறம் போலீஸ் ஸ்டேஷன் முனையில், அப்புறம் செண்பகனூரில். அடியில் படுத்திருப்பவன் காரோடு எப்படி நகர முடியும் என்று பின்னால் சிலர் கேட்டார்கள். மேகத்தில் யாரும் பார்க்காததால் அதற்குப் பதில் இல்லை. பெருமாள்மலை வளைவில் ஒரு லாரிக்காரர் கடைசியாகக் கேட்டது பெண் குரல்: "வெரசா ஏறி ஒக்காருங்க. அண்ணன் தேடும்."

ஒட்டன்சத்திரத்தில் கமிஷன் மண்டி வைத்திருந்த நஜீமாவின் சித்தப்பா கிபாயத்துல்லா, அப்துல் சலாமோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். மறுநாளே மகிழ்ச்சியாக நிக்காஹ் செய்துவைத்தார்.

கார்த்திகைக் கடைசியில் இருவரும் அதே காரில் மலையேறி வந்து பட்டறையைத் திறந்தார்கள். அப்துல் சலாம் சாவியும் கேட்கவில்லை, பேசவும் இல்லை. ஒட்டன்சத்திர வெயிலில் உறுதியாக நின்ற பெடல், கொடைக்கானலில் ஒன்பதாம் நாள் படுத்தது. தஸ்தகீர் காருக்கு அடியில் போனான். நஜீமா உள்ளே வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள், மூன்று நாளாக அப்படித்தான். இருக்கை காலியாகக் கிடந்தது. எதிர்க்கடையிலிருந்து கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்துல் சலாம், எழுந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காரில் ஏறி உட்கார்ந்தார். அத்தா சொன்னது சரிதான், கால் நீட்ட வசதியாக இருந்தது.

"அமுக்குங்க மச்சான்" என்றது அடியிலிருந்து குரல்.

அப்துல் சலாம் அமுக்கினார். வந்தது சின்ன மேகம். மதியத்துக்குள் ஏரிப் பக்கம் போய்விட்டது.