சீம்பாலில் ஒரு வெல்லக்கட்டி

எனக்குக் கோபம் வந்தால் அடங்க அரைநாள் ஆகும். பூவாயி அத்தை மேல் வந்த கோபமோ ஒரு மாதமாகியும் அடங்கவில்லை.

விஷயம் இதுதான். பசுவின் மடியில் பால் சுரக்கும் செல்லுக்குள் ஒரு நொதி இருக்கிறது. வெளியே கிளம்புகிற புரதத்தைப் பிடித்து நிறுத்தி, அதன்மேல் பாஸ்பேட்டை ஒட்டி, அப்புறம்தான் அனுப்பும். நொதியும் கொஞ்சம் பாலோடு வெளியே வந்துவிடும். கன்று போட்ட அன்றைய சீம்பாலில் அது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. எட்டு மாட்டில் ஏழு முடிந்தது. எட்டாவது கிடைக்காவிட்டால் மார்ச்சோடு உதவித்தொகை நின்றுவிடும். மூன்று வருஷ உழைப்பும் அதோடு போச்சு.

அப்பாவின் அக்கா பூவாயி அத்தை செய்யூரில் இரண்டு மாடு வைத்திருக்கிறாள். இரண்டும் சினை. "சீம்பால் வேணும் அத்த" என்று போனில் சொல்லிவைத்தேன். முதல் மாடு ஈன்றதும் பஸ்ஸில் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்குத் தூக்குச்சட்டி வந்தது. ஆசையாகத் திறந்தேன். வெல்லமும் ஏலக்காயும் போட்டு, இட்லிப்பானையில் அவித்த சீம்பால்! வெந்த சூட்டில் நொதி எப்போதோ செத்திருக்கும். அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "உன் ஆராய்ச்சி நல்லாத்தான் கீது ரூத்து" என்றார். நான் சட்டியைப் படாரென்று மூடினேன்.

இரண்டாவது மாட்டுக்கு நானே ஐஸ்பெட்டியோடு போய்க் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டேன். காலை பத்து மணிக்குக் கன்று விழுந்தது.

"பச்சையா குடு அத்த. அடுப்பு பக்கமே போவாத."

"பச்ச சீம்பால எவளாச்சும் குடுப்பாளா? வயித்தால போவும்டி."

"குடிக்க இல்ல. அதுல ஒரு நொதி கீது."

"அது இன்னா பண்ணும்?"

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "வூட்ட வுட்டு கெளம்புற புரதத்த சும்மா அனுப்பாது. கையில எதனா குடுத்துதான் அனுப்பும்."

அத்தை மோவாயில் கைவைத்தாள். "அட, என்ன மாதிரியே கீதே!"

கறந்து, நான் கொண்டுபோன சோதனைக்குழாயில் ஊற்றி, மூடி, அவளே பெட்டிக்குள் வைத்தாள். நான் கன்றைத் துடைக்கத் திரும்பியது ஒரே நிமிஷம். பஸ்ஸில் பெட்டியை மடியைவிட்டு இறக்கவேயில்லை.

ஆய்வகத்தில் குழாயைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் பழுப்பாக ஏதோ கரைந்துகொண்டிருந்தது. வெல்லக்கட்டி! பழம் நழுவிப் பாலில் விழுந்தால் அதிர்ஷ்டமாம். வெல்லம் விழுந்தால் என்னவாம்? அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே போன் போட்டேன்.

"இன்னா அத்த பண்ணி வச்சிருக்க?"

"நீதானடி சொன்ன, சும்மா அனுப்பாதுன்னு? அதான் துளி வெல்லம். ஆனா அடுப்புல வைக்கல, சத்தியமா வைக்கல!"

கத்தத்தான் வாயைத் திறந்தேன். அடுப்பில் வைக்கவில்லை. அப்படியென்றால் நொதி உயிரோடு இருக்கிறது! வெல்லத்தைப் பிரித்துவிடலாம். மெல்லிய சவ்வுப் பையில் பாலைக் கட்டிக் குளிர்ந்த கரைசலில் போட்டேன். சர்க்கரை பையைத் தாண்டி வெளியே போகும். நொதி பெரியது, உள்ளேயே தங்கும். மறுநாள் சோதித்தபோது ஜம்மென்று வேலை செய்தது. எட்டும் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்கச் செய்யூர் கிளம்பினேன். காலிச் சட்டியோடு போகக் கூச்சமாக இருந்தது. மதுராந்தகத்தில் பஸ் மாறும்போது ஒரு கிலோ வெல்லம் வாங்கி உள்ளே போட்டுக்கொண்டேன்.