நாலாவது மாடு

தொண்ணூற்று இரண்டாம் வருஷ மார்கழியில் சென்னியப்பனின் தொழுவத்தில் மூன்றாவது மாடும் குறைமாதத்தில் கன்று வீசியது. ஏழு மாதச் சினை. மயிர் முளைத்த கன்று மூச்சில்லாமல் வைக்கோலில் கிடந்தது. முந்தைய இரண்டையும் போலவே இதையும் அவர் மனைவி பழனாத்தாள்தான் வெறுங்கையால் இழுத்துப் போட்டாள்.

சென்னியப்பன் நேரே ஓடையைத் தாண்டி, தம்பி லிங்கசாமியின் சாயப்பட்டறைக்குப் போனார்.

“ஓடையில நீ உடற சாயத்தண்ணியக் குடிச்சுத்தான்டா என்ற மாடெல்லாம் சினை கலையுது. இனி நீ எனக்குத் தம்பியே இல்ல.”

வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிங்கசாமி தலை நிமிரவில்லை. “டாக்டரக் கூட்டிட்டு வந்து பாருங்கண்ணா” என்றார்.

தம்பியின் குற்றத்தை நிரூபிக்கத்தான் சென்னியப்பன் கால்நடை டாக்டர் ஞானசம்பந்தத்தை அழைத்து வந்தார். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு செத்த கன்றின் வயிற்றைக் கீறி, இரைப்பை நீரை ஊசியில் உறிஞ்சினார். நஞ்சுக்கொடி தோல்போலத் தடித்திருந்தது. அதிலும் ஒரு துண்டு வெட்டினார். தொழுவத்திலிருந்த நாலு மாடுகளிலும் ரத்தம் எடுத்தார்.

“முன்னால விழுந்த கொடிய என்ன பண்ணுனீங்க?”

“வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டுனனுங்க. நாயி இழுத்துப் போட்டிருச்சுங்க.”

டாக்டரின் முகம் வாடியது.

பொங்கல் கழிந்து முடிவோடு வந்தார். “சாயத்தண்ணி இல்லீங்க. புருசெல்லானு ஒரு கிருமி. நீங்க சொன்னீங்களே, குன்னத்தூர்ச் சந்தையில வாங்குன செவல மாடு, அதுதானே மொதல்ல வீசுச்சு? அதுகூட வந்திருக்கும். கொடியிலயும் அதோட வர்ற தீட்டுத் தண்ணியிலயும் பரவும்.”

“மருந்துங்க?”

“மாட்டுக்கு இல்லீங்க. விக்கவும் கூடாது. வாங்கறவங்க தொழுவமும் இப்படித்தான் ஆகும்.” பிறகு தயங்கிக் கேட்டார்: “கன்னுக்குட்டிய இழுத்தது யாருங்க?”

பழனாத்தாள் போர்வைக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். ஐப்பசியிலிருந்து சாயங்காலமானால் காய்ச்சல், இடுப்பில் குத்தல். டைபாய்டு என்று மாத்திரை தின்றுகொண்டிருந்தாள்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அவள் ரத்தத்திலும் அதே கிருமி இருந்தது. காரில் கூட்டிப்போனது லிங்கசாமிதான். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, கேள்விப்பட்டு வந்திருந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சென்னியப்பன் சொன்னார்: “தண்ணினு நெனச்சுட்டனப்பா.”

“அந்தத் தண்ணியும் ஒண்ணும் நல்ல தண்ணி இல்லீங்கண்ணா” என்றார் லிங்கசாமி.

பங்குனியில் பழனாத்தாளுக்குக் காய்ச்சல் விட்டது. இடுப்பு மட்டும் நிமிரவே இல்லை. பாலிலும் கிருமி உண்டு என்பதால், கறந்ததைத் தினமும் குழியில் ஊற்றினார்கள். தரகர்கள் வந்தால், நோய் மாடு என்று சொல்லிச் சென்னியப்பன் வாசலோடு அனுப்பினார்.

வீசாமல் மிச்சமிருந்த நாலாவது மாட்டின் ரத்தத்திலும் கிருமி இருந்தது. என்றாலும் அதன் வயிறு நாளுக்கு நாள் பெருத்தது. இதாவது நிற்கும் என்று இருவரும் மனதுக்குள் எண்ணிக்கொண்டார்கள்.

சித்திரையில் அதுவும் வீசியது. பழனாத்தாள் பழக்கத்தில் எழுந்து ஓடினாள்.

“கிட்ட வராத!” என்று கத்தினார் சென்னியப்பன்.

அவள் தொழுவத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். மாடு செத்த கன்றை நக்கத் தலையை நீட்டியது. அவர் அதை இழுத்து வேறு கட்டுத்தறியில் கட்டிவிட்டு, குழி தோண்டக் கடப்பாரையைத் தேடினார்.