கத்திரிக்கோல் சத்தம்

காலையில் எழுகிறேன். பல் தேய்க்கிறேன். வெந்நீர் வைத்துவிட்டு, அதை மறந்து, பச்சைத் தண்ணீரில் குளிக்கிறேன். கொடியில் கிடக்கும் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். துணி மடிப்பதில்லை. மறுநாள் பிரிக்கத்தானே வேண்டும். கணினியைப் போடுகிறேன். ஸ்பீக்கர் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருகிறேன்.

வீடியோ எடிட்டிங் என் தொழில். கம்பெனிகளின் பயிற்சிப் படங்களை வெட்டி ஒட்டுகிறேன். மனைவி வீட்டிலிருந்தபடி தையல் சொல்லிக்கொடுத்து வீடியோ போட்டுக்கொண்டிருந்தாள். படத்தைப் போனில் எடுப்பாள். போன் மைக்கில் மின்விசிறிதான் கேட்கும் என்பதால், குரலுக்குக் கழுத்தோரம் ஒரு சின்ன ரெக்கார்டரைக் குத்திக்கொள்வாள். பேசுவதற்கு முன் ஒரு முறை கை தட்டுவாள். தப்பாகப் பேசிவிட்டால் கேமராவைப் பார்த்து, "எடிட்டர் சார், இங்க வெட்டிடுங்க" என்பாள். மாலையில் நான் வந்து வெட்டுவேன். படத்தில் கைகள் சேரும் இடத்தையும் ஒலியில் தட்டல் விழும் இடத்தையும் ஒன்றாக வைப்பேன். அவ்வளவுதான் வேலை.

கடைசிப் பாடம் சட்டைக் கை தைப்பது. பாதியில் நிற்கிறது. நூல் வாங்கக் கடைக்குப் போனாள். தெருமுனையில் லாரி.

அவளுடைய அம்மா அன்று வந்தவர், இன்னும் இங்கேதான் இருக்கிறார். நாளை மகன் வீட்டுக்குப் போகிறார். போவதற்குள் அந்த வீடியோ அவருக்கு வேண்டும். வந்த அன்றே, "கடைசியா என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"கதவைச் சாத்திட்டுப் போங்கன்னு சொன்னா, அத்தை."

நான் வேலைக்குக் கிளம்பியபோது சொன்னது. அத்தைக்கு அது போதவில்லை. எனக்கும்தான்.

நேற்று படத்தையும் குரலையும் சேர்த்து அத்தையின் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன். இன்று காலை போனோடு வந்து நின்றார்.

"மாப்ளே, வாய் ஒரு பக்கம் போகுது, பேச்சு ஒரு பக்கம் போகுது. என் பொண்ணு என்ன டப்பிங் படமா?"

"போன்ல எடுத்தது அத்தை. ஒரே வேகத்துல பதியாது. போகப்போக விலகும்."

"அவளுந்தான் ஒரே வேகத்துல எதையும் செஞ்சதில்ல. சரி பண்ணிக் குடுங்க."

படத்தை ஒரே வேகத்துக்கு மாற்றி, மறுபடி ஏற்றிக் கொடுத்தேன். முன்னறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஆரம்பத்துலயும் அப்படித்தான், முடிவுலயும் அப்படித்தான். வாயை மூடுனப்புறம் பேச்சு வருது."

அப்படியென்றால் வேகத்தில் கோளாறு இல்லை. தொடக்கமே பிசகு. ஒலியின் அலைக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பலத்த சத்தம் விழும் இடத்தில் கோடு முள்போல எழும்; தொடக்கத்தில் அப்படி இரண்டு முள் நின்றன. உயரமான முதல் முள்ளைத் தட்டல் என்று எடுத்திருந்தேன். அத்தையிடம் அதைச் சொன்னேன்.

"கேட்டா தெரியாதா எது தட்டல்னு?"

"கேக்கல அத்தை. கண்ணால பாத்துதான் வெச்சேன்."

"காதைப் பொத்திக்கிட்டா சத்தத்தைச் சரி பண்ணீங்க?"

அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது.

"போடுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

ஸ்பீக்கரைப் போட்டேன். முதல் முள், மேசையில் கத்திரிக்கோல் விழுந்த சத்தம். இரண்டாவதுதான் அவள் கை. இழுத்துச் சரியான இடத்தில் வைத்து ஓடவிட்டேன். அவள் வாயில் அவள் குரல் வந்து உட்கார்ந்தது. தோள்பட்டையில் சட்டைக் கையை எப்படிச் சுருக்கிப் பொருத்துவது என்று சொன்னாள். "குத்திருச்சுன்னு ஊசியைத் திட்டாதீங்க. அது பாட்டுக்கு நேராத்தான் போகுது" என்றாள். அத்தை சிரித்துவிட்டார். உடனே வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

படம் முடிந்து திரை கறுத்தது. ஒலி மட்டும் இன்னும் நீண்டிருந்தது. அன்று ரெக்கார்டர் தையல் மேசையில் பேட்டரி செத்துக் கிடந்தது. கழற்றி வைத்தவள் அணைக்காமல் போயிருக்கிறாள். படம் இல்லாத ஒலியை வெட்டிவிடுவது என் வழக்கம். நேற்றும் வெட்டித்தான் கொடுத்திருந்தேன். கை நிறுத்தப் போனது. அத்தை மணிக்கட்டைப் பிடித்தார்.

"இருங்க."

நாற்காலி நகர்ந்தது. இழுப்பறை திறந்தது, மூடியது. செருப்பு தரையில் உரசியது. பிறகு மைக்குக்கு வெகு அருகில் அவள்.

"எடிட்டர் சார், நூல் தீந்துபோச்சு. வாங்கிட்டு வந்து மறுபடி கை தட்டறேன். அதுவரைக்கும் இருக்கறதை வெட்டிடுங்க."