பழைய ஆம்புலன்ஸ்களுக்கு ஐந்து மாதம்

செவ்வாய்க்கிழமை மாலை வகுப்புக்கு நான் போகவில்லை. புள்ளியியல் ஆசிரியரின் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே விழுந்த முதல் சிவப்புக் கோடு அது. காரணத்தை இன்றே எழுதி வைத்துவிட வேண்டும். விட்டால் எனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

நான் வேலை பார்ப்பது ராணுவத் தலைமையகத்தில், படைத்திறன் திட்டமிடும் பிரிவில். சீருடை கிடையாது, கழுத்தில் அடையாள அட்டை மட்டும். அடுத்த பத்து ஆண்டுகளில் படைக்கு என்ன வரும், படையிலிருந்து என்ன போகும் என்பதெல்லாம் எங்கள் அட்டவணையில் இருக்கிறது. ஒவ்வொரு திறனுக்கும் ஒரு வரி. கருவி வரும் நாள், ஆள் சேரும் நாள், பயிற்சி முடியும் நாள், பணிமனை தயாராகும் நாள் என்று நான்கு கட்டங்கள். நான்கில் எது கடைசியோ, அதைத்தான் ஐந்தாவது கட்டமான 'தயார் நாளில்' எழுத வேண்டும். அந்த நாளில் பழைய கருவி கழித்துக்கட்டப்படும். வண்டி வந்து நின்றுவிட்டால் மட்டும் திறன் வந்துவிடாது. சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

அக்கா ராணுவத்தில் ஆம்புலன்ஸ் டிரைவர். ஆற்றங்கரை முகாமுக்கு மாற்றலாகி ஒரு வருடம் ஆகிறது. திங்கட்கிழமை விடுப்பில் வந்தவள் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு என் கட்டிலில் குறுக்காகப் படுத்துக்கொண்டாள்.

"என்னடி, இன்னும் கட்டம் கட்டமாத்தான் போட்டுட்டிருக்கியா?"

"நீ மட்டும் என்னவாம்? அதே டப்பாவைத்தானே ஓட்டுற?"

"டப்பான்னு நான் சொல்லலாம், நீ சொல்லக் கூடாது. ஜூன்ல புதுசு பதினாலு வருதாம். வந்து என்ன பிரயோஜனம்? பயிற்சி முடிய நவம்பர் ஆயிடும். அதுவரைக்கும் கண்ணாடியத் தொடச்சு அழகு பாக்க வேண்டியதுதான்."

அவள் சிரித்தாள். எங்கள் அட்டவணையில் அந்த ஆம்புலன்ஸ் வரியின் தயார் நாளில் 'ஜூன்' என்று பார்த்த ஞாபகம் எனக்கு இருந்தது. அக்காவுக்கு எதையும் ஊதிப் பெரிதாக்கும் பழக்கம் உண்டு என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். தூக்கம்தான் சமாதானமாகவில்லை.

செவ்வாய் காலை ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ப் பார்த்தேன். பயிற்சி முடிவது நவம்பர் பத்து. தயார் நாள் ஜூன் பத்து. வண்டி வரும் தேதி மூன்று முறை மாறியிருந்தது. மூன்றாவது முறை மாற்றியபோது அதே தேதியைத் தயார் நாளிலும் போட்டிருக்கிறேன். வேறு யாருமில்லை, நான்தான். ஜூன் பத்தாம் தேதி பழைய வண்டிகள் போய்விடும். புதியவற்றை ஓட்ட ஆள் இருக்காது. ஐந்து மாதம் அந்த முகாமில் அடிபட்டவர்களைத் தூக்கிப் போக வண்டியே இருக்காது. மறுநாள் பத்து மணிக்கு மேலதிகாரிகளின் குழு அட்டவணையில் கையெழுத்திடும். அதன் பிறகு பழைய வண்டிகளின் மெக்கானிக்குகளையும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

அட்டவணையில் எதையும் சத்தமில்லாமல் திருத்த முடியாது. காரணம் எழுதி, எங்கள் பிரிவுக்குத் தலைவரான மேஜரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இன்னொரு சிக்கலும் இருந்தது. நெருங்கிய உறவினர் இருக்கும் பிரிவின் வரியை எங்களில் யாரும் தொடக் கூடாது. முன்கூட்டியே படிவம் கொடுத்து ஒதுங்கிவிட வேண்டும். அக்கா மாற்றலானபோது நான் கொடுக்கவில்லை. மறந்தேன் என்று எழுதத் தோன்றுகிறது. சோம்பல் என்பதுதான் சரி. வேலை போனாலும் போகலாம் என்று நினைத்துக்கொண்டேதான் மேஜரின் கதவைத் தட்டினேன்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அடிக்கோல் மேடம்'. ஒவ்வொரு வரிக்குக் கீழும் அடிக்கோலை வைத்துத்தான் படிப்பார். அன்றும் வைத்தார். ஐந்து கட்டங்களையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"எங்க அக்கா அங்க டிரைவர், மேடம்."

"படிவம் குடுக்கலையே நீ."

"இல்ல மேடம்."

"அக்கா அங்க இல்லன்னா இதைப் பாத்திருப்பியா?"

"தெரியல மேடம். அதான் பயமா இருக்கு."

அடிக்கோலை எடுத்து என் பக்கம் தள்ளினார். "இந்த வரிய நான் பாத்துக்கறேன். நீ இனிமே தொடாத. மிச்சம் இருநூத்திப் பதினொரு வரி இருக்கு, அதுல உங்க அக்கா இல்ல. அதையெல்லாம் பாரு." நான் எழுந்தபோது, "சாப்பிட்டியா? மூஞ்சியக் கண்ணாடியில பாத்தியா நீ?" என்றார்.

மாலையில் மற்றவர்கள் கிளம்பியதும் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தேதிகளை வாசித்தேன், அவர் சரிபார்த்தார். நூற்று எழுபத்து மூன்றாவது வரியில் இன்னொரு தவறு கிடைத்தது. மிதவைப் பாலம், இரண்டு மாத இடைவெளி. அதுவும் என் கைவேலை. அந்தப் பாலத்தில் ஆற்றைக் கடக்க வேண்டியவர்கள் யார் வீட்டு அக்காவோ, யார் வீட்டு அண்ணனோ. வகுப்பு நினைவுக்கு வந்தபோது மணி ஏழரை.

புதன்கிழமை குழு திருத்திய அட்டவணையில் கையெழுத்திட்டது. பழைய ஆம்புலன்ஸ்களும் மெக்கானிக்குகளும் நவம்பர் வரை அங்கேயே. எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். எதையும் அக்காவிடம் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

இந்த நோட்டை மறுபடியும் எடுத்தது இன்று, ஜூலையில். அக்கா போன் செய்திருந்தாள்.

"புது வண்டி கொட்டகையில பளபளன்னு நிக்குது, நான் இன்னும் அந்த டப்பாவையே உருட்டறேன். நவம்பர் வரைக்குமாம்! உங்க ஆபீஸ்ல எவனோ ஒரு மகாமுட்டாள் எழுதி வச்சிருக்கான்."

"எவளோவா கூட இருக்கலாம்கா."

"யாரா இருந்தா என்ன, என் முதுகு போச்சு. நேத்து கால் முறிஞ்ச ஒருத்தரை ஏத்திட்டுப் போனேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் வண்டி ஆடுது ஆடுதுன்னு என்னைத் திட்டிட்டே வந்தாரு."

"இப்ப எப்படி இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு. இன்னும் திட்டறாரு." சிரித்தாள். "அந்த முட்டாள் மட்டும் கையில கெடச்சா, முன்சீட்ல உக்கார வச்சு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவேன். அப்பத் தெரியும்."

வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பாத்து ஓட்டுக்கா," என்று மட்டும் சொன்னேன்.