கடல் பார்க்கப் போன வீடு

விசுவமடுவைச் சேர்ந்த பத்மாசனியும் கதிர்காமநாதனும் கடற்கரை வழியே கூடாரம் அடித்துத் திரியவென்று புறப்பட்ட காலையில், அவர்களுடைய வீடு எழும்பிப் பின்னால் போனது. சிறுபோக விதைப்பு முடிந்து, தேங்காய் விலை மறுபடி ஏறிய கிழமை அது. வீட்டுக்குக் கால் இருந்ததா என்று வவுனியாப் பக்கமிருந்து வருகிறவர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். கால் இல்லை. அத்திவாரத்தோடு கிளம்பி, சினைப்பசுவைப்போல ஆடி ஆடி ஒழுங்கையால் இறங்கி, முல்லைத்தீவு வீதியில் ஏறி, பஸ்ஸுக்கு வழிவிட்டு இடப்பக்கக் கரையாலேயே நடந்தது. மின்சாரக் கம்பி அறுந்தது. குசினி அடுப்பு மூலையில் அடைகிடந்த கோழி எழும்பவில்லை. கக்கூஸ் மட்டும் போகவில்லை. அது வீட்டுத்திட்டத்தில் பிறகு தனியாகக் கட்டிக் கொடுத்தது, வீட்டோடு அதற்கு அவ்வளவு ஒட்டுறவு கிடையாது.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் சுவிஸிலிருந்து வந்த ஒரு படம். மகள் சாரங்காவும் அவளுடைய மனிசனும் ஏதோவொரு ஏரிக்கரையில் செம்மஞ்சள் நிறக் கூடாரத்துக்கு முன்னால் மடக்குக் கதிரையில் இருந்து கோப்பி குடிக்கிறார்கள். பத்மாசனி அந்தப் படத்தைக் கோயிலில், சங்கக்கடையில், கிணற்றடியில் என்று காட்டாத இடமில்லை. மாசி மாதம் அதே கூடாரத்தைப் பொதியில் போட்டு மகள் அனுப்பியும் விட்டாள். ஊர் வந்து பார்த்தது. தடவிப் பார்த்தது. பக்கத்து வீட்டுக் கௌசலா உள்ளே தலையை விட்டு மணந்தும் பார்த்துவிட்டு, "காசு குடுத்து உதுக்குள்ள படுக்கினமாமோ பத்மாக்கா? எங்களுக்கு முகாமில சும்மா தந்தவங்கள், அதுவும் விடமாட்டன் எண்டு தந்தவங்கள்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஊரில் தறப்பாளுக்குக் கீழே படுக்காத முதுகு ஒன்றுமில்லை.

பத்மாசனி சிரிக்கவில்லை. "அது அவங்கள் அடிச்ச கூடாரம், கௌசலா. இது நான் அடிக்கிற கூடாரம். வித்தியாசம் விளங்காட்டி வந்து படுத்துப் பார்" என்றாள். பிறகு, கேட்காத ஆட்களுக்கும் சேர்த்துச் சொன்னாள்: "வாழ்க்கையில ஒருக்காவாவது ஒருத்தரும் துரத்தாமல் நான் வீட்டை விட்டுப் போகோணும். பிடிச்ச இடத்தில பிடிச்ச மட்டும் நிக்கோணும். எனக்கு மனம் வரேக்க திரும்பி வரோணும். வேற ஒண்டும் வேண்டாம்." அவள் இளமையில் ஸ்கந்தபுரத்தில் ஒரு வீட்டை விட்டுப் போனவள், பிறகு இதே வளவில் இன்னொன்றை விட்டுப் போனவள். ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று "போட்டு வாறம்" என்று வீட்டுக்குச் சொல்லித்தான் போனாள். ஸ்கந்தபுரத்து வீட்டுக்குத் திரும்பவேயில்லை. விசுவமடுவுக்கு வருசக்கணக்கில் கழித்து வந்தபோது வீடு கற்குவியலாகக் கிடந்தது. அந்தக் கல்லை அள்ளி அத்திவாரத்துக்குள் போட்டுத்தான் இப்போதைய வீட்டைக் கட்டினார்கள். ஆகவே வீட்டுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்றுதான் கொள்ளவேண்டும்.

கதிர்காமநாதன் அதிகம் கதைக்காத மனிசன். பத்மாசனி எதைச் சொன்னாலும் "ஓம்" என்பார், நிலம் விற்கச் சொன்னாலும் அப்படித்தான், தேத்தண்ணி வைக்கச் சொன்னாலும் அப்படித்தான். ஆனால் பிழை அவர் விட்டதுதான். இடுப்பில் நாரிப் பிடிப்புள்ளவர், மணலில் படுத்தால் எழும்பமாட்டார். அதனால் புறப்படுகிற அன்று விடிய, குசினிக் கதவைப் பிணைச்சலோடு கழற்றி, படுக்கைப் பலகைக்கு ஆகுமென்று லாண்ட்மாஸ்டர் பெட்டிக்குள் போட்டார். கைப்பிடியால் திருப்பி ஓட்டுகிற இரண்டு சில்லு உழவு மெசின்தான் லாண்ட்மாஸ்டர், பெட்டி பின்னால் கொழுவியிருக்கும். எங்கள் சனம் உழுததைவிட அதில் ஓடியதுதான் கூட. ஷெல் கிட்ட வந்தால் முதலில் கதவு கழரும், பிறகு யன்னல், பிறகு கூரைத் தகரம். கழற்றியதைப் பெட்டியில் ஏற்றி, அதற்குமேல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதுதான் வழக்கம். வன்னியில் கதவைக் கழற்றி ஏற்றுகிறவன் சுற்றுலாப் போகிறான் என்று எந்த வீடு நம்பும்?

கௌசலா வேலிக்கு மேலால் முதலில் கதவைக் கண்டாள். அடுத்து வீடு போவதைக் கண்டாள். "வீடே வெளிக்கிட்டிட்டுது, நாங்கள் ஏன் குந்திக்கொண்டு இருக்கிறம்?" என்று அவள் போட்ட சத்தத்தில் ஒழுங்கை முழுக்கக் கதவு கழற்றத் தொடங்கியது. என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. முன்பு கேட்டுக்கொண்டு நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கைகள் தங்கள் பாட்டில் வேலை செய்தன: அடையாள அட்டை, காணி உறுதி, அரிசி மூட்டை, பிள்ளையின் பள்ளிக்கூடப் பை. மத்தியானத்துக்கு முன் பாதி விசுவமடு வீதியில். உடையார்கட்டுச் சனமும் பார்த்துவிட்டுச் சேர்ந்துகொண்டது. எங்கே போகிறோம் என்பது தெரியாவிட்டாலும் வரிசை பிசகவில்லை. பழகின வரிசை.

லாண்ட்மாஸ்டர் போடுகிற சத்தத்தில் புருசன் பெண்சாதி இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. புதுக்குடியிருப்பில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோதுதான் பத்மாசனி திரும்பிப் பார்த்தாள். வீடு சந்தியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"நீ எங்க வாறாய்? போ வீட்ட!"

"அது எப்பிடி வீட்ட போறது, பத்மா?" என்று கேட்டார் கதிர்காமநாதன். அந்த வருசத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது. தேத்தண்ணிக் கடைக்காரர் நல்ல கேள்வி என்றார்.

வேறு வழியில்லாமல் வீட்டையும் கூட்டிக்கொண்டு போனார்கள். முள்ளிவாய்க்கால் வந்ததும் பத்மாசனி, மகள் அனுப்பிய கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பெட்டிக்குள் எழும்பி நின்றாள். அந்த மண்ணில் அவள் கடைசியாக இருந்த நாட்களில் ஒருவரும் நிமிர்ந்து நிற்கவில்லை. தவழ்ந்தார்கள், குனிந்து ஓடினார்கள். இப்போது வெயில் உச்சியில் நிற்க, சேலைத் தலைப்புக் காற்றில் அடிக்க, கதவில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அந்தக் கரை முடியும்வரைக்கும் நின்றுகொண்டே போனாள். வீதியில் நின்ற சீருடைக்காரர் அவளைப் பார்த்தார்கள், பின்னால் வந்த வீட்டைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், எதைப் பதிவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். வட்டுவாகல் பாலம் வீட்டுக்குக் குறுகல். வீடு நந்திக்கடலுக்குள் இறங்கி, யன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் ஏற, அக்கரைக்கு நடந்து ஏறியது.

அளம்பில் தாண்டி, செம்மலைக் கடற்கரையில் கூடாரத்தை அடித்தார்கள். நல்ல வெயில், நல்ல நீலக் கடல், கரைவலை இழுக்கிறவர்களின் பாட்டு. எல்லாம் படத்தில் இருந்தமாதிரித்தான், வீட்டின் நிழல் மட்டும் கூடாரத்துக்கு மேல் விழுந்துகொண்டிருந்தது. பத்மாசனி கூடாரத்தைத் தள்ளி அடித்தாள். வீடும் தள்ளி வந்து குந்தியது. மறுபக்கம் அடித்தாள். வீடு மறுபக்கம் வந்தது. அவள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே ஊர் வந்து சேர்ந்தது.

அடுத்த நாள் செம்மலை பழைய முகாம்களில் ஒன்றைப்போலக் கிடந்தது. சவுக்குக்குச் சவுக்கு இழுத்துக் கட்டிய தறப்பாள்கள், மூன்று கல் அடுப்புகள், ஈர விறகுப் புகை, ஒரு குடத்துக்குப் பின்னால் பத்துப் பேர். ஊராரும் முகத்தை அதற்கேற்ற மாதிரித் தொங்கப் போட்டிருந்தார்கள். நடுவில் செம்மஞ்சள் கூடாரத்தின் முன்னால் மடக்குக் கதிரையில் பத்மாசனி, கறுப்புக் கண்ணாடியோடு, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். முல்லைத்தீவுப் பாறூக் மட்டும் உற்சாகமாகத் திரிந்தார். தொண்ணூறாம் ஆண்டு தன் சனத்தோடு துரத்தப்பட்டு, புத்தளத்தில் இருபது வருசம் இருந்து திரும்பியவர், இப்போது மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி ஐஸ்பழம் விற்கிறார். அவர் வீட்டைச் சுற்றிவந்து சுவரில் தட்டிப் பார்த்து, "எங்கட வீட்டுக்கு அண்டைக்கு இந்தப் புத்தி வரேல்லையே தங்கச்சி" என்று சொல்லிவிட்டு ஐஸ்பழம் விற்கப் போனார்.

அன்று பின்னேரத்துக்குள் ஒரு நிவாரண நிறுவனம் தண்ணீர் பவுசர் வண்டியோடும் ஒரு லொறி சாமானோடும் வந்துவிட்டது. வீட்டைவிட இது பெரிய அதிசயம் என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். அலுவலர் நிஷாந்தன் நல்ல பெடியன், சின்ன வயதில் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவன். அவன் நேரே பத்மாசனியிடம்தான் வந்தான்.

"அம்மா, எங்கயிருந்து இடம்பெயர்ந்து வந்திருக்கிறியள்?"

"நான் இடம்பெயரேல்லத் தம்பி. கடல் பாக்க வந்தனான்."

"அப்ப உந்த வீடு?"

"அதுவும்தான்."

"அப்ப இவ்வளவு சனமும்?"

பத்மாசனி கண்ணாடியைக் கழற்றினாள். லொறியில் பாய், நுளம்புவலை, அரிசி, மூடியோடு கூடிய நீல வாளிகள். ஊர் முழுவதும் வாளியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது. பெயரைப் பதிந்தால் வாளி கிடைக்கும். பதிந்தால் அவளுடைய பயணமும் இடப்பெயர்வுக் கணக்கில் ஒன்றாகிவிடும், அவள் எத்தனை கண்ணாடி போட்டாலும். "சொல்லுங்கோவன்" என்று அவள் ஊரைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "ஆர் உங்களைத் துரத்தினது? துரத்தினவன்ர பேரை ஆராவது ஒருத்தர் சொல்லுங்கோ, நான் முதல் ஆளாப் போய்ப் பதியிறன். ஒருத்தரும் துரத்தாமல் எத்தினை நாளைக்கு ஓடப் போறியள்?"

காரணம் கேட்காமல் வெளிக்கிட்டது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பாறூக் தொண்டையைச் செருமினார். "தம்பி, நானும் இடம்பெயர்ந்தவன்தான். இடம்பெயர்ந்த சனம் ஐஸ்பழம் வாங்கித் தின்னுறதை எங்கயாச்சும் கண்டிருக்கிறீங்களா? விடியத்திலயிருந்து ரெண்டு தரம் பெட்டி காலியாகி, நிரப்பிக்கொண்டு வந்திட்டன்." நிஷாந்தன் சுற்றிப் பார்த்தான். அரைவாசிப் பேரின் நாக்கு சிவப்பு.

கௌசலா வாளியிலிருந்து கண்ணை எடுத்தாள். அதற்கு அவள் பட்ட பாடு பார்த்தவர்களுக்குத் தெரியும். "நாங்களும் கடல் பாக்கத்தான் வந்தனாங்கள்" என்றாள். "மூடி வாளி எங்களிட்ட வீட்ட கிடக்கு." அது பொய். அவளிடம் மூடி வாளி ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் அதைச் சொன்னபோது அவள் தலையைத் தூக்கி வைத்திருந்த விதத்தைப் பார்த்து, பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக, ஓம், கடல் பார்க்க, நாங்களும்தான், குடும்பத்தோடு, என்று சொல்லத் தொடங்கினார்கள். லொறி சாமானோடு திரும்பிப் போனது. நிஷாந்தன் போகவில்லை. காற்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டு, ஒரு ஐஸ்பழத்தோடு தண்ணீருக்குள் இறங்கி நின்றான்.

சொன்ன பிறகு செய்யாமல் விடமுடியாதே. சனம் கடலில் இறங்கியது. கரைவலைக்காரர் கொடுத்த பாரை மீன் அந்த அடுப்புகளிலேயே பொரிந்தது. தறப்பாளுக்குக் கீழே சீட்டு விளையாடினார்கள், ஆளையாள் ஏமாற்றினார்கள். வாழ்க்கை முழுக்கக் கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் கால் நனைக்காத கிழவர்கள் வேட்டியோடு உருண்டார்கள். கோழி குசினிக்குள் குஞ்சு பொரித்தது. வயலுக்குத் தண்ணி கட்டவேண்டும் என்ற யோசனை வந்தபோது, வந்தபோது, ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பிப் போனார்கள். ஒருவரும் வரிசையில் போகவில்லை.

வீடு மட்டும் நின்றது. நாயாறு, கொக்கிளாய் என்று பத்மாசனிக்குப் பார்க்க இன்னும் எவ்வளவோ கரை இருந்தது, நிழலும் கூடவே வரப்போகிறது. கடைசியில் கதிர்காமநாதன் வாய் திறந்தார். "கதவைக் கழட்டினது நான்தானே, பத்மா. அதுக்கு என்ன தெரியும், பாவம்." அவர் கதவைத் தோளில் சுமந்துபோய், நாரியைப் பிடித்துப் பிடித்து, பிணைச்சலில் பூட்டித் திருகாணிகளை முறுக்கினார். இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்தார். பத்மாசனி வாசலுக்கு வந்து நின்றாள். இந்தமுறை அவள் "போட்டு வாறம்" என்று சொல்லவில்லை. நிலையில் கையை வைத்து, "நீ முதல் போ. நாங்கள் எல்லாம் பாத்துப்போட்டு, மனம் வரேக்க வருவம்" என்றாள்.

ஒரு அலை வந்து படிக்கட்டை நனைத்தது, இன்னொன்றும் வந்தது. பிறகு வீடு மெதுவாகத் திரும்பி, ஈரப் படியோடு, கோழியையும் குஞ்சுகளையும் கொண்டு வடக்கே வீதியில் ஏறியது. இருவரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருக்க, வீடு அவர்களை விட்டுப் போவது அதுதான் முதல் தடவை. கூரை பனைகளுக்கு அப்பால் மறைந்த பிறகு பத்மாசனி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கூடாரத்துக்கு முன்னால், முழு வெயிலில், காலை நீட்டி இருந்தாள். கதிர்காமநாதன் அன்றிலிருந்து மணலிலேயே படுத்தார். நாரிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சொல்கிறார், நடையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அவர்கள் மனம் வந்தபோது வந்தார்கள். அதற்குள் இருவரும் கரி நிறமாகியிருந்தார்கள். வீடு தன் இடத்தில் இருந்தது, ஆனால் கௌசலாவின் எல்லைக்குள் ஒரு முழம் தள்ளிக் குந்தியிருந்தது. அதைப்பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை.

அடுத்த வருசம் சிறுபோகம் விதைத்த கையோடு வீடு தனியாகவே புறப்பட்டது. பத்மாசனியும் கதிர்காமநாதனும் அப்போது முற்றத்தில் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சாமானை வெளியே எடுத்து மாமரத்துக்குக் கீழே வைத்துவிட்டு, கூடாரத்தை அடித்துக்கொண்டார்கள். வீடு ஒழுங்கையால் போனபோது ஒரு வீட்டிலும் கதவு கழரவில்லை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டாள். கௌசலா வேலிக்கு மேலால் எட்டி, அது போய் மறையும்வரை பார்த்துவிட்டு, "பின்னேரம் மழை வரும்போல கிடக்கு, நனையப் போகுது" என்று சொல்லிக்கொண்டே கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்கப் போனாள்.