கிள்ளானுக்கு வந்த வீடுகள்

முதல் ஜப்பானிய வீடு ஒரு செவ்வாய்க்கிழமை காலை மலேசியாவின் கிள்ளானுக்கு வந்து, யூனுஸின் உணவகத்துக்குப் பின்னால் இரண்டு கார் நிறுத்தும் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. மரவீடு, கூரையில் இன்னும் கரையாத பனி, உள்ளே ஆளில்லை. சாப்பிட வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே காரை வேறு பக்கம் விட்டார்கள். நகராண்மைக் கழகத்துக்காரர் ஒருவர் சுற்றிப் பார்த்தார். "ஆளில்லாத வீட்டுக்கு யார் பேர்ல சம்மன் எழுதுறது, பாஸ்?" என்றார். ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

யூனுஸின் மகள் தஸ்லீமா ஜப்பானின் வடக்கே, அகித்தா பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தாள். அவள் போகும்போதே அங்கே இளசுகள் எல்லாம் தோக்கியோவுக்குப் போயாயிற்று. பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்தைப் பூட்டி, கரடி வரும், ஜாக்கிரதை என்று எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு வருடத்தில் வருகிறேன் என்றவள் ஐந்தாகியும் வரவில்லை. "இவங்கள விட்டுட்டு எப்படி வாப்பா வர்றது? வேற ஆளே இல்லலா," என்பாள். வந்து நின்ற வீட்டைப் படமெடுத்து அனுப்பியபோது, அது அவள் பார்த்துக்கொண்டிருந்த, போன வாரம் மௌத்தாகிப்போன ஒரு தாத்தாவுடையது என்றாள்.

அன்று மக்ரிபுக்கு யூனுஸ் செய்ததுதான் தப்பு. விளக்கு வைக்கும் நேரத்தில் எந்த வீடும் இருட்டில் கிடக்கக்கூடாது என்பது அவர் குடும்பத்துப் பழக்கம். கடையிலிருந்து ஒயர் இழுத்து உள்ளே ஒரு பல்பைப் போட்டுவிட்டார். வெளிச்சம் கண்ட தைரியத்தில் மற்ற வீடுகளும் வரத் தொடங்கின. அங்கே யார் இறந்தாலும் இங்கே ஒரு வீடு. "நீங்கதானே லைட்டப் போட்டு வரவேற்பு வச்சீங்க, இப்ப அனுபவிங்க," என்றாள் மனைவி நசீமா.

பிறகு யூனுஸுக்கு ஒன்று பிடிபட்டது. வீடு வர வர அங்கே ஆள் குறைகிறது. எல்லாரும் போய்விட்டால் மகள் வந்துவிடுவாள். அதிலிருந்து மனிதர் இருப்புக்கொள்ளாமல் அலைந்தார். புது வீடு நின்றால் மனம் துள்ளும். யாருடைய மௌத்தில் சந்தோஷப்படுகிறோம் என்று மறுகணமே வெட்கம் பிடுங்கும். மறுநாள் மறுபடியும் பார்க்கப் போவார். தேநீரில் இரண்டு தடவை சீனி போட்டுத் திட்டு வாங்கினார். கடைசியில் சச்சிக்கோ பாட்டி ஒருவர்தான் மிச்சம் என்றாள் மகள். அந்தப் பாட்டிக்கு உடம்பு எப்படி என்று யூனுஸ் தினமும் விசாரித்தார். வாப்பாவுக்கு எவ்வளவு பாசம் என்று தஸ்லீமா நெகிழ்ந்துபோனாள்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை கடைசி வீடு வந்தது. வாசலில் தஸ்லீமாவின் செருப்பு கிடந்தது. அவளும் பாட்டியோடு அதே வீட்டில்தான் தங்கியிருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதுவரை வந்த எந்த வீட்டிலும் உயிருள்ள ஆள் இருந்ததில்லை. யூனுஸ் வாசற்படியில் ஏறினார். "யா அல்லாஹ், அந்தம்மா நூறு வருஷம் இருக்கட்டும், எம் புள்ளயக் குடுத்துடு," என்று அழுதுகொண்டே கதவைத் தட்டினார்.

கதவு பக்கவாட்டில் நகர்ந்தது. தஸ்லீமா நின்றாள், முதுகில் பாட்டி. "இவங்க உசுரோட இருக்கறப்பவே வீடு கெளம்பிடுச்சு வாப்பா, இவங்கள மட்டும் எறக்கி விட மனசு வரல," என்றாள். பாட்டி யூனுஸைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். அந்த முகத்தை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பாட்டியை மெல்ல இறக்கி, மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்து, கஞ்சியைத் தாமே ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்தார்.

பாட்டி இன்றும் கிள்ளானில்தான் இருக்கிறார். காலையில் அவர் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் யூனுஸ் கடையில் அடுப்புப் பற்றவைக்கிறார்.